நல்ல பெயர்

பிரசவ வார்டின் பெரிய சிஸ்டருக்குச் சின்ன சிஸ்டரைக் கண்டால் வயிறு எரியும். வெளியே காட்டிக்கொண்டதில்லை. சேர்ந்துதான் டீ குடிப்பார்கள், சேர்ந்துதான் டாக்டரைத் திட்டுவார்கள். ஆனால் நேற்று வந்த இந்தப் பெண்ணின் பெயரை அதற்குள் மூன்று தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெரிய சிஸ்டர் கையில் பிறந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் தெரு கொள்ளாது. அதில் ஒன்றுக்குக்கூட அவள் பெயர் கிடையாது.

சொந்தப் பிள்ளைகள் இரண்டும் பையன்கள். பெயர் வைக்கிற பேச்சில் மாமனார் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கேயாவது ஒரு பெண் குழந்தை தன் பெயரோடு ஓடித் திரியவேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று உள்ளேயே வைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வலி கண்டது. கோடிக் கட்டில்காரிக்கு இரட்டைப் பிள்ளை. பெரிய சிஸ்டர் அங்கே மாட்டிக்கொண்டாள். ஜன்னலோரக் கட்டிலில் தலைப்பிரசவம். அதைச் சின்ன சிஸ்டர் பார்த்துக்கொண்டாள். பெரிய சிஸ்டர் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. இவள் எடை பார்த்து, துணியில் சுற்றியதோடு சரி.

மறுநாள் காலை பிரஷர் பார்க்கப் போனவளை ஜன்னலோரக் கட்டில்காரி நிறுத்தினாள்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். நேத்து வலியில நான் கண்ணையே தொறக்கல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உன்னை விட்டு எங்கயும் போகமாட்டேன்'னு சொல்லிட்டே இருந்தது யாரு, நீங்களா?"

"ஏன் கேக்கிற?"

"பாப்பாவுக்கு அவங்க பேரை வைக்கலாம்னு. அம்மாவும் இல்ல, அவரும் வேலையா வெளியூர்ல. அந்தக் கை இல்லன்னா எழுந்து ஓடியே போயிருப்பேன்."

"ஓடற நிலைமையிலயா இருந்தே நீ?"

சிரிப்பாகத்தான் சொன்னாள். உள்ளே கொதித்தது. நான்காவதும் அவளுக்கேவா? வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"நான்தான்" என்றாள். கேட்காமலே பெயரையும் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அப்ப சரிதான். காலையில சின்ன சிஸ்டர்கிட்டயும் கேட்டேன். 'நான் இல்லம்மா, பெரிய சிஸ்டர்தான்'னு இதே பேரைத்தான் சொன்னாங்க. குரல் அவங்களுது மாதிரி இருந்துச்சு, அதான் உங்களையும் ஒரு தடவை கேட்டேன்."

இல்லை என்று சொல்ல இப்போதும் நேரம் இருந்தது. அதற்குள் அந்தப் பெண் குழந்தையைப் பெயர் சொல்லிக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டாள். இவள் பிரஷர் பட்டையை எடுத்து அவள் கையில் சுற்றினாள்.

வராந்தாவில் சின்ன சிஸ்டர் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஜன்னலோரக் கட்டில் கேட்டாளா? என்ன சொன்னீங்க?"

"நான்தான்னு சொன்னேன்."

"அப்பாடா. உங்களுக்குப் பொய் சொல்லவே வராதே, உண்மையைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன். எனக்குத்தான் மூணு இருக்கே."

அந்த முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று பெரிய சிஸ்டர் தேடிப்பார்த்தாள். ஒரு துளிகூட இல்லை. இருந்திருந்தால் மன்னித்திருப்பாள். குழந்தைக்கு வைத்தது இவள் பெயர்; நல்ல பெயர் எடுத்தது மறுபடியும் அவள்.