இறங்கிய ஊசி

மலைச்சாலை தொடங்கியதுமே மாமனார் ஆரம்பித்துவிட்டார்.

"மாப்பிள்ளை, ஊசி ஏறுது."

"ஏறட்டும் மாமா. நாமளும் ஏறிக்கிட்டுத்தானே இருக்கோம்."

அந்த டீசல் பிக்கப் மாமனாருடையது. பின்னால் பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் என்று மகளின் குடித்தனம் மொத்தமும் தார்ப்பாய்க்குள் கட்டிக் கிடந்தது. மலைமேல் இருந்த ஊரில் மருமகனுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரே மகளை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறானே என்ற ஆத்திரம் அவருக்கு. வண்டியைக் கொடுத்ததோடு நிற்காமல் கூடவே தொற்றிக்கொண்டாரே என்ற எரிச்சல் அவனுக்கு. நடுவில் மகள் இரண்டு தோள்களுக்கும் இடையில் நசுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரிட்டையர் ஆகும்வரை பஸ் ஓட்டியவர் மாமனார். சாலையைப் பார்க்கவே இல்லை. கழுத்தை நீட்டி டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசியையே முறைத்துக்கொண்டு வந்தார்.

"ஆயில் பிரஷர் பரவாயில்ல. டெம்பரேச்சர்தான் பாதியத் தாண்டிருச்சு. ஏசிய நிறுத்து."

மருமகன் ஏசியை இன்னும் கூட்டி வைத்தான்.

"கியரையாவது குறை. இப்படி மிதிச்சா இன்ஜின் திணறும்."

"ஓட்டுறது நானா, நீங்களா?"

"வண்டி என்னோடது."

"அப்ப நீங்களே தலையில வச்சுக்கிட்டு நடங்க."

"ரெண்டு பேரும் சும்மா வர்றீங்களா?" என்றாள் மகள். பிறகு கணவனிடம், "கொஞ்ச நேரம் ஓரமா நிறுத்துங்களேன். சூடு ஆறட்டும்" என்றாள்.

"இவர் சொல்லி இப்ப நிறுத்துனேன்னு வையி, இனிமே இவரைக் கேட்டுத்தான் மூச்சு விடணும்."

ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. அடுத்த வளைவு தாண்டியதும் திடீரென்று சரிந்து, அடிமட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

மருமகன் வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தீங்களா? தானா எறங்கிருச்சு. இதுக்கா இந்தக் குதி குதிச்சீங்க?"

மாமனார் குனிந்து மீட்டரை உற்றுப் பார்த்தார். ஏற்றத்தில், இத்தனை பாரத்தோடு, ஊசி இப்படி இறங்க வழியே இல்லை. காலடியிலிருந்து சூடான, லேசாகத் தித்திக்கும் நெடி வந்தது. தண்ணீர் ஹோஸ் பிய்ந்துவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் காலி. அளக்கத் தண்ணீர் இல்லாததால்தான் மீட்டர் படுத்துவிட்டது. இப்போதே நிறுத்தினால் இன்ஜின் பிழைக்கும்.

வாயைத் திறந்தார். அவன் இன்னும் இளித்துக்கொண்டிருந்தான். மூடிக்கொண்டார்.

ஓட்டுடா ராசா, ஓட்டு. மனதுக்குள் ஒரு குரூரமான குளிர்ச்சி பரவியது.

அதிக தூரம் போகவில்லை. அடியில் இரும்பு அறைபடும் சத்தம் கேட்டது. வண்டி ஒருமுறை உதறிவிட்டு நின்றது; நின்ற வேகத்தில் பின்னோக்கி உருண்டது. மருமகன் பிரேக்கில் ஏறி நின்றான். ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தான். பின்சக்கரம் ஓரத்துக் கல்லில் முட்டி நின்றபோது, மகள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். கல்லுக்கு அப்பால் வெறும் பள்ளம்.

மூவரும் இறங்கினார்கள். பானெட்டைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது.

"சொன்னேன்ல?" என்றார் மாமனார். "தலைதலையா அடிச்சுக்கிட்டேன்ல? கேட்டியா?"

"உங்க ஓட்டை வண்டிக்கு என்னைக் குறை சொல்லாதீங்க!"

மகள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அப்பா, கீழேருந்து வாய் ஓயாம பேசுனீங்க. ஊசி எறங்குனப்ப மட்டும் ஏன் பேசலை?"

அவர் பானெட்டுக்குள் குனிந்துகொண்டார்.

"தெரியும்ல உங்களுக்கு?"

"சொன்னா அவன் கேட்டிருப்பானா?"

"கேட்டிருக்க மாட்டாரு. ஆனா உள்ள நானும் இருந்தேன்பா."

காலிக் கூடைகளோடு மேலே போய்க்கொண்டிருந்த ஒரு லாரியை அவளே கை காட்டி நிறுத்தினாள். டிரைவர் நல்ல மனிதர். கூடைகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். மாமனார் கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்கப் போனார்.

"விடுங்க" என்றான் மருமகன்.

அவர் விட்டார். சாமான்கள் ஏறி முடியும்வரை சாலையோரத்தில் நின்றார். மருமகனும் மகளும் லாரியில் ஏறி உட்கார்ந்ததும் மகள் பக்கத்து ஜன்னலருகே போனார்.

"புது வீட்டு அட்ரஸ் என்னம்மா? நீ சொல்லவே இல்லையே."

"மெக்கானிக்குக்குப் போன் பண்ணிட்டேன். கீழேருந்து வர்றார்" என்றாள் அவள்.

லாரி கிளம்பியது.