சத்தமில்லாத கேமரா

அந்த போனின் கேமராவுக்கு ஒரு சத்தம் உண்டு. படம் எடுத்தால் 'டக்' என்று அடிக்கும். செட்டிங்ஸில் எங்கே தேடினாலும் அதை அணைக்க வழியில்லை. செய்த கம்பெனி அப்படி ஒரு வழியை வைக்கவில்லை.

குழந்தை இடி இடித்தாலும் தூங்குவாள். அந்த 'டக்'குக்கு எழுந்துவிடுவாள்.

வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். பிறந்த வாரத்தில் தாய்மாமன் வைத்தது. தானாக ஒரு வேலையும் செய்வதில்லை, எல்லாரையும் வேலை வாங்குகிறாள், எதைக் கேட்டாலும் கத்தித்தான் கேட்கிறாள் என்று காரணம் சொன்னான்.

"தூங்குற மாதிரி ஒரு படம்கூட இல்லை" என்றாள் அவளுடைய அம்மா. இருந்த படங்களில் எல்லாம் மேனேஜரின் வாய் திறந்திருந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பூட்டிக்கிடக்கிற எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கத் தெரியாதவன். மனைவியின் போனை வாங்கி ரூட் எடுத்தான். ரூட் எடுப்பதென்றால் போனின் சாவிக்கொத்தைக் கம்பெனியின் கையிலிருந்து நம் கைக்கு மாற்றிக்கொள்வது. போன் கண் விழிக்கும்போது முதலில் படிக்கிற கோப்புக்கு பூட் என்று பெயர். அதை எடுத்து, திருத்தி, திரும்ப வைக்க வேண்டும். அதற்கு முன்னால் போனில் இருப்பதெல்லாம் ஒரு முறை அழியும். அவன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் தொட்டான். ஒன்றும் தவறவில்லை.

கேமரா ஊமையானது.

சாவி கையில் இருந்ததால் அன்றைக்கே இன்னொன்றும் செய்தான். வாங்கும்போதே போனில் குடியிருந்த, யாரும் அழைக்காத ஆப்களை எல்லாம் தூக்கி வெளியே போட்டான். எது எதற்கு என்று பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா படங்களாக எடுத்துத் தள்ளினாள். தூங்கும் காது. தூங்கும் உள்ளங்கால். கட்டை விரலைத் தேடிப் போய் மூக்கில் முட்டிய கை. ஒரு நாள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் தானாகக் கண் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். முதல் முறையாகச் சிரித்தாள். அம்மா வீடியோவை அழுத்தினாள். சத்தம் இல்லாததால் சிரிப்பு நிற்கவில்லை. கடைசி வரை அதில் இருந்தது.

இப்போது அம்மாவின் பிரசவ விடுப்பு முடிந்துவிட்டது. அவள் நர்ஸ். நாளைக் காலை வார்டுக்குத் திரும்ப வேண்டும். வார்டுக் கதவு திறப்பதற்கும் வருகை பதிவதற்கும் மருத்துவமனை ஒரு ஆப் கொடுத்திருந்தது. அதைத் திறந்ததும் இரண்டு வரி வந்தது. இந்த போன் மாற்றப்பட்டிருக்கிறது. இதில் இயங்காது.

"ரூட்டை நீக்கிடலாம்" என்றான் அவன். "போன மாதிரியே திரும்பி வரணும். அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடைய அண்ணன் லேப்டாப்போடு வந்தான். ரூட் எடுத்தபோது சேமித்த பழைய கோப்புகள் அதில்தான் இருந்தன. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயம் வந்தால் எங்கே உட்கார்ந்திருந்தாலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வந்து சோபாவில் சாய்ந்தான். மேனேஜர் அவன் மார்பில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள். அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

"மச்சான், அசையாதீங்க" என்றான் அவள் கணவன்.

"எங்க அசையுறேன்? மூச்சையே பாதி பாதியாத்தான் விடுறேன்."

எல்லாரும் கிசுகிசுத்தார்கள். லேப்டாப் தரையில் இருந்தது. கணவன் அதன் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து கேபிளைச் செருகினான்.

"முதல்ல படமெல்லாம் இதுல ஏத்திடுங்க" என்றாள் அவள்.

லேப்டாப்பில் இடமில்லை. மச்சானிடம் படிக்க வந்தவர்கள் வண்டியைப் பின்னால் எடுக்கிற வீடியோக்கள் அதை அடைத்துக்கொண்டிருந்தன.

"இதுல எதையாவது அழிக்கலாமா மச்சான்?"

"என் உயிரைக் கேளு மாப்ளே, தரேன். அதைக் கேக்காதே. சோர்வா இருந்தா அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன்."

"சரி விடுங்க. படம்தான் ஆன்லைன்லயும் தானா ஏறிடுதே. தவிர, ரூட் எடுக்கும்போதுதான் அழியும். திருப்பி வைக்கும்போது ஒண்ணும் அழியாது."

அது உண்மைதான். சரியான கோப்பை வைத்தால்.

போனுக்குள் இருந்த ரூட் ஆப்பில் 'பழையபடி மாற்று' என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டான். அசல் பூட் கோப்பின் பிரதி தன்னிடம் இல்லை என்றது. அவன் அசரவில்லை. லேப்டாப்பில் அவனே சேமித்து வைத்திருந்தான். நடுவில் இரண்டு முறை போனின் சிஸ்டத்தைப் புதுப்பித்ததால் அவை மூன்று இருந்தன. கம்பெனி வைத்த பெயர்கள் நீளமான எண்களாக, பார்க்கவே அசிங்கமாக இருந்ததால் அவன் மாற்றியிருந்தான். 'அசல்.' 'புது அசல்.' 'இதுதான் அசல்.'

அவன் 'இதுதான் அசல்' என்பதை எடுத்துப் போனில் ஏற்றினான். அந்தப் பெயரைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும்.

போன் அணைந்து எழுந்தது. கம்பெனியின் பெயர் வந்தது. போனது. மறுபடி வந்தது. போனது.

"இது என்ன, கண்ணாமூச்சி ஆடுது?" என்றான் மச்சான்.

மூன்றாவது முறை பெயர் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. சிஸ்டத்தைத் திறக்க முடியவில்லை. கீழே இரண்டு வழிகள். மறுபடி முயற்சி செய். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கு.

"அழிச்சா சரியாயிடும்னுதானே போட்டிருக்கு? ஆன்லைன்லதான் எல்லாம் இருக்கே" என்றான் மச்சான்.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். ஆன்லைனில் தன் படங்களைத் திறந்தாள். கடைசியாக இருந்த படத்தில் மேனேஜருக்குப் பிறந்து சில நாட்கள்தான். வாய் திறந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. காது இல்லை. உள்ளங்கால் இல்லை. சிரிப்பு இல்லை.

கணவனுக்குப் புரிந்தது. வெளியே தூக்கிப் போட்ட ஆப்களில் படங்களை ஆன்லைனில் ஏற்றுகிறதும் ஒன்று.

"வேண்டாத சாமானோட சேர்த்து வீட்டுச் சாவியையும் குப்பையில போட்டிருக்கீங்க" என்றாள் அவள். அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொல்ல முடிந்தது. கத்தியிருந்தால் அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"அப்போ எல்லாம் இந்த போனுக்குள்ள மட்டும்தான்?" என்று கேட்டான் மச்சான்.

"ஆமா."

"அந்தச் சிரிப்பும்?"

"ஆமா."

சோபாவில் மச்சானின் வலது கால் தரையை அழுத்தியது.

கணவன் போனை நோக்கிக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கட்டை விரல் பொத்தான்களில் படாமல் பார்த்துக்கொண்டாள். பிறகு திரையைப் படித்தாள். வார்டில் மருந்து லேபிளைப் படிக்கிற மாதிரி, மேல் விளிம்பிலிருந்து. எல்லாரும் அந்த இரண்டு வழிகளைத்தான் பார்த்திருந்தார்கள். உச்சியில் எறும்பு வரிசை போல ஒரு எண் ஓடியது.

"இது என்னங்க?"

அவன் குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"உள்ள இருக்கிற சிஸ்டத்தோட எண். இதே எண்ணுள்ள பூட் கோப்பை வெச்சா எழுந்துக்கும். நான் வெச்சது பழைய சிஸ்டத்தோடது. உடம்பு புதுசு, தலை பழசு. அதான் முழிக்குது."

"அப்போ உள்ள இருக்கிறது அழியல?"

"அழியல. நாம அழிக்காத வரைக்கும் அழியாது."

"சரி, மத்த ரெண்டு கோப்புல எது இந்த எண்?"

அவன் லேப்டாப்பில் இருந்த மூன்று பெயர்களையும் பார்த்தான்.

"பேரை மாத்திட்டீங்க."

"மாத்திட்டேன்."

"ஒரு பாட்டில் மேல 'இதுதான் மருந்து'ன்னு எழுதி வெச்சா, எந்த வார்டுல அதை எடுத்து ஊத்துவாங்க?"

"ஊத்தமாட்டாங்க."

"ஊத்தினீங்களே."

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. மார்பு குலுங்கியது. மேனேஜர் ஒரு முனகு முனகினாள். அவன் சிரிப்பை விழுங்கினான். கண்ணில் தண்ணீர் வந்தது.

கம்பெனியின் தளத்தில் சிஸ்டம் முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். பூட் கோப்பு அதற்குள் இருக்கும். அவன் பக்கத்தைத் திறந்தான். வரிசை வரிசையாக எண்கள், எல்லாம் ஒன்றுபோல. ஒன்றின் மேல் அம்புக்குறியை வைத்தான்.

"நில்லுங்க" என்றாள்.

"பார்த்துட்டேம்மா. இதுதான்."

"'இதுதான்'னு ஒரு தடவை பார்த்தாச்சு. வார்டுல ரத்தம் ஏத்துறப்போ தனியா யாரும் ஏத்தமாட்டோம். ஒருத்தி பையைப் பார்த்துப் படிப்பா. இன்னொருத்தி நோயாளி கையில கட்டியிருக்கிற பட்டையைப் பார்த்துப் படிப்பா. ஒருத்தி படிக்கிறதை இன்னொருத்தி எட்டிப் பார்க்கக் கூடாது. நான் போனைப் படிக்கிறேன். நீங்க லேப்டாப்பைப் படிங்க."

"சரியா தப்பான்னு யார் சொல்றது?"

"அண்ணன்."

"நானா? நான் எதையும் பார்க்கவே முடியாதே. கண்ணுக்கு நேரா இவ தலைதான் தெரியுது."

"பார்க்க வேண்டாம். கேட்டா போதும்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். அவள் ஒரு எழுத்து சொன்னாள். அவன் ஒரு எழுத்து சொன்னான். அவள் ஒரு எண். அவன் ஒரு எண். அறையில் இரண்டு கிசுகிசுப்பு மாறி மாறி நடந்தது. மேனேஜரின் மூச்சு நடுவில் ஓடியது. ஏ, ஏ. ஒன்பது, ஒன்பது. பூஜ்ஜியம், பூஜ்ஜியம். வரிசை முடிவுக்கு வந்தது.

"ஏழு" என்றாள்.

"ஒண்ணு" என்றான்.

மச்சானின் கால் தரையை ஓங்கி அழுத்தியது.

மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். அவன் லேப்டாப்பின் அருகே முகத்தைக் கொண்டுபோனான். ஒன்றுதான். அதற்குக் கீழ் வரிசையில் எல்லாம் அதே எழுத்துகள், முடிவில் ஏழு.

"நல்ல பிரேக் மச்சான்" என்றான்.

"இருபது வருஷமா இதைத்தான் பண்றேன். யாரும் பாராட்டினதில்லை."

ஏழில் முடிவதை முதலிலிருந்து மறுபடி படித்தார்கள். கால் அசையவில்லை. அவன் அதை அழுத்தினான். லேப்டாப் இடமில்லை என்றது.

இருவரும் திரும்பி சோபாவைப் பார்த்தார்கள். மச்சான் கூரையைப் பார்த்தான். பிறகு மார்பில் கிடந்த தலையைப் பார்த்தான்.

"தூண்ல இடிச்சிட்டு இறங்கி வந்து தூணைத் திட்டினாரே, அவரை மட்டும் விட்டுடு. மத்ததெல்லாம் எடுத்துக்கோ."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா இந்தக் கூத்தே இல்லையே அண்ணா" என்றாள் தங்கை.

"முதல்ல சிரிப்பு போகும்னு யாரும் சொல்லலையே."

கோப்பு இறங்கியது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மூன்று பேரும் ஜன்னலை முறைத்தார்கள். மேனேஜர் அசையவில்லை.

அவன் உள்ளிருந்து பூட் கோப்பை எடுத்தான். பெயரை மாற்றவில்லை. அது நீளமாகவும் அசிங்கமாகவும் இருந்தது. கட்டளையை அடித்தான். அடித்ததை அவள் படித்தாள். தலையசைத்தாள். அவன் எண்டரைத் தட்டினான்.

போன் அணைந்தது. கம்பெனியின் பெயர் வந்தது. போனது.

மறுபடி வந்தது. போகவில்லை. நின்றது. அதன் கீழே ஒரு சிறு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கணவனின் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

திரை வெளிச்சமானது. பூட்டுத் திரையில் ஒரு உள்ளங்கால் தெரிந்தது.

சத்தம் போடக் கூடாது என்பது இருவருக்கும் நினைவிருந்தது. அவன் சோபாத் தலையணையை எடுத்து வாயில் கடித்துக்கொண்டு குதித்தான். வெறுங்காலில், நுனிவிரலில். அவள் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தாள். அந்த மதியம் அந்த வீட்டு ஜன்னல் வழியே யாராவது பார்த்திருந்தால் டாக்டரை அழைத்திருப்பார்கள்.

முதல் வேலையாகப் படங்கள் லேப்டாப்பில் ஏறின. சிரிப்பை அவள் ஒலி இல்லாமல் ஒரு முறை ஓடவிட்டாள். முழுதாக இருந்தது. துரத்தப்பட்ட ஆப் திரும்ப அழைக்கப்பட்டது. மருத்துவமனை ஆப்பைத் திறந்தாள். அது ஒன்றும் கேட்காமல் வணக்கம் சொல்லி நாளைய வார்டைக் காட்டியது.

"ரூட் எடுக்கிறதுக்காகத் திறந்த பூட்லோடரையும் பழையபடி பூட்டிடட்டுமா?" என்றான் அவன்.

"பூட்டினா?"

"எல்லாம் அழியும்."

"தள்ளிப் போங்க அந்தப் பக்கம்."

அவன் தள்ளிப் போனான்.

மச்சான் எப்போதோ தூங்கிப்போயிருந்தான். தலை பின்னால் சாய்ந்திருந்தது. மேனேஜர் அவன் சட்டைப் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கன்னம் நசுங்க, தூங்கினாள். இரண்டு மூச்சும் ஒன்றாக ஏறி இறங்கின. அவள் போனைத் தூக்கினாள். குனிந்தாள். பார்த்தாள். தொட்டாள்.

டக்.

ரூட் போனதும் சத்தம் திரும்பிவிட்டது. அதை இருவருமே மறந்திருந்தார்கள்.

அவன் மூச்சை நிறுத்தினான். அவள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். மேனேஜர் உதட்டைக் குவித்தாள். பெருமூச்சு விட்டாள். கன்னத்தை மாற்றி வைத்துக்கொண்டு தொடர்ந்து தூங்கினாள்.

"வளர்ந்துட்டா" என்றாள் அவள், மெதுவாக.

மாமன்தான் எழுந்தான்.

"பிரேக்! பிரேக்கு! பிரேக்கு!" என்று அலறிக்கொண்டு தரையை உதைத்தான்.

மேனேஜர் கண் திறந்தாள். தனக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த கலவரம் முழுவதையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு குலுங்க, நிறுத்தாமல்.

டக். டக். டக்.

அந்தப் படங்களில் மாமனின் வாய்தான் திறந்திருக்கிறது.