ரசமட்டம் நிரவிய வயல்

காலையிலிருந்து ரசமட்டத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. புல்டோசர் நிழலில் உட்காருவான், எழுந்திருப்பான், துடைத்த வண்டிக் கண்ணாடியையே மறுபடி துடைப்பான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அவன் நிரவிய இடத்தில் கோலிக்குண்டை வைத்தால் உருளாது என்று சுரங்கத்தில் மட்டம் பார்க்கும் கருவியின் இந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். அவனும் அதற்குக் கூச்சப்பட்டதில்லை.

அன்று சோதனை நாள். எட்டு வருஷத்துக்கு முன் நிலக்கரிக்காகத் தோண்டிய வயலை மூடியாகிவிட்டது. தனித்தனியாகக் குவித்து வைத்திருந்த அடிமண்ணைக் கீழேயும் மேல்மண்ணை அதன் மேலேயும் பரப்பியாகிவிட்டது. மண் பரிசோதகர் அம்மா கம்பியைக் குத்திப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் நிலம் உரியவருக்குத் திரும்பும். உரியவர் வேறு யாருமில்லை, ரசமட்டத்தின் கூடப்பிறந்த அக்கா.

அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னமா நிரவியிருக்கடா தம்பி! இந்த வாரமே விதைச்சிடலாம்ல?"

"கையெழுத்தாகட்டும்க்கா" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காரணம் இருந்தது. போன மாதம் நல்ல மழை. மண் காயும்வரை ஒரு வண்டியும் வயலில் இறங்கக் கூடாது என்று உத்தரவு. ஈர மண்ணில் கனத்த வண்டி ஏறினால் உள்ளே இறுகிப் பாறையாகிவிடும். வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனால் மேற்கு வரப்போரம் கொஞ்சம் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அக்கா நிலமாயிற்றே, நாலு பேர் பார்ப்பார்களே! ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை புல்டோசரை இறக்கி மூன்று நடை ஓட்டிவிட்டான். எல்லாம் தெரிந்தவன்தான், கைதான் சும்மா இருக்கவில்லை. மறுநாள் எல்லோரும் பாராட்டியபோதுதான் செய்த காரியம் உறைத்தது.

பரிசோதகர் வரைபடத்தில் பத்து இடங்களைக் குறித்திருந்தார். முதல் குத்தில் கம்பி இடுப்பளவு இறங்கியது. கம்பியின் தலையில் மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் முள் பச்சைக் கோட்டைத் தாண்டவில்லை. இரண்டாவதும் அப்படியே. ரசமட்டம் பின்னாலேயே நடந்தான். ஐந்தாவது வரை, மேற்கே போகாதே தாயே என்று வேண்டிக்கொண்டான். எட்டாவதில் வேண்டுதல் தலைகீழாகிவிட்டது. கண்டுபிடித்துத் தொலையட்டும், நான் வாய் திறக்கிற வேலையாவது மிச்சம். பத்தாவது இடம் மேற்கு வரப்புக்கு இருபதடி இப்பால். அங்கேயும் பச்சை.

கூட வந்திருந்த சுரங்க சூப்பர்வைசர் பரிசோதகரிடம் பேனாவை நீட்டினார். அக்கா கைகூப்பினாள். ரசமட்டத்துக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இனி ஆயுசுக்கும் அந்த வரப்போரம் பயிர் வாடும். மழை போதவில்லை, விதை சரியில்லை என்று இவள் புலம்புவாள், நாமும் உச்சுக் கொட்ட வேண்டும். அதை நினைத்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மேடம், ஒரு நிமிஷம். வரப்போரமா ஒரு குத்து குத்திப் பாருங்க."

"பத்துதான்யா கணக்கு" என்றார் சூப்பர்வைசர். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

பரிசோதகர் போய்க் குத்தினார். ஒரு சாண் இறங்கிக் கம்பி நின்றுவிட்டது. முழு பலத்தோடு அமுக்கினார். முள்தான் சிவப்புக்குப் போனது, கம்பி அசையவில்லை.

"ஈரத்துல யாரோ வண்டி ஓட்டியிருக்காங்க."

"யாரோ இல்ல மேடம். நான்தான்."

சூப்பர்வைசர் கையை நீட்டி, புல்டோசர் சாவியை வாங்கிக்கொண்டார். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஆழக் கலப்பை போட்டு உடைக்க வேண்டும், இந்தப் போகம் கிடையாது என்றார் பரிசோதகர்.

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. "எட்டு வருஷம்டா! அடுத்தவங்க வயல்ல குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைச்சிட்டியே!"

"உடைச்சது போன மாசம்க்கா. இன்னிக்குச் சொன்னேன், அவ்வளவுதான்."

"வேற எங்கெல்லாம் ஓட்டின?"

"இங்க மட்டும்தான். உம்மேல ஆணையா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பரிசோதகர் கையிலிருந்து கம்பியை வாங்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய்க் குத்தினாள். இறங்கியது. இன்னும் பத்தடி போய்க் குத்தினாள். அங்கேயும் இறங்கியது.

"அக்கா, அங்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கம் நான் போகவே இல்ல."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கேயும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த இடத்துக்கு நடந்தாள்.