மூன்றாவது டாக்டர்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் கப்பலில் மாலுமியாக இருந்தவர். புயலுக்குப் பயப்படாத மனிதருக்கு டாக்டர் என்றால் மட்டும் பயம். ஒவ்வொரு முறை கப்பல் ஏறுவதற்கு முன்னும் உடல் தகுதிச் சோதனை உண்டு. அதில் ஒரு குறை எழுதிவிட்டால் அந்த வருடம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் ரத்த அழுத்தம் ஏறிவிடக் கூடாதென்று நாலு நாள் முன்பிருந்தே உப்பில்லாமல் சாப்பிடுவார். கண் சோதனை அட்டையின் கடைசி வரி அவருக்கு மனப்பாடம். கூட்டாளிகளுக்கும் போனில் ஒப்பிப்பார். முதுகு பிடித்திருந்தாலும் டாக்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். எங்கே தொட்டு வலிக்கிறதா என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்ல டாக்டர்." கப்பலில் அவருக்குப் பட்டப்பெயரே 'ஒண்ணுமில்ல'தான்.

இதையெல்லாம் பார்த்து நானும் சிரித்தவள்தான். உப்பில்லாமல் சமைத்துப் போட்டது யார்?

போன வருடம் துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது வடம் அறுந்து அவருடைய வலது தோளில் அடித்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில், உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் கை பெரும்பாலும் சரியாகிவிடும், தள்ளிப்போட்டால் அப்படியே இறுகிவிடும் என்றார்கள். வேலையில் பட்ட அடி என்பதால் ஆபரேஷனும் நஷ்ட ஈடும் கம்பெனி பொறுப்பு. கம்பெனி டாக்டர் ஒரு தடவை பார்த்து எழுதிவிட்டால் போதும்.

தனியாகப் போனவர் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது. கையத் தூக்கச் சொன்னார், தூக்கிட்டேன்."

"எந்தக் கைய?"

"வலது கையத்தான்."

"எப்படிங்க? தலை வாரவே நான்தானே வரணும்?"

"மூச்சப் பிடிச்சுக்கிட்டு, உடம்ப லேசா இடது பக்கம் சாய்ச்சு, ஒரே வீச்சுல தூக்கணும். ஒரு நிமிஷந்தானே, பல்லக் கடிச்சுக்கிட்டா ஆச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் செத்துப்போனது. தோற்க வேண்டிய பரீட்சையில் முழு மார்க் வாங்கிக்கொண்டு வந்திருந்தார் மனிதர்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. கிழிசல் பழையதாம், கை முழுதாக அசைகிறதாம், வேலைக்குத் தகுதியாம். கம்பெனி கை கழுவிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன். என் நாத்தனார் வேறு வந்து உட்கார்ந்துகொண்டு, "எங்க அண்ணன் சின்ன வயசுலயே அப்படித்தான் அண்ணி. காலு உடைஞ்சு ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல" என்று பெருமை பேசினாள். அவளை ஒரு முறை முறைத்தேன். காபி கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மாலுமிகள் சங்கம் ஒரு வக்கீலம்மாவைக் காட்டிவிட்டது. சின்ன அறை, கூரை வரைக்கும் கட்டுக்கட்டாகக் காகிதம். கடிதத்தைப் படித்துவிட்டு அந்த அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் இதத்தான் பண்ணிட்டு வர்றாங்க" என்றார்.

வேறொரு டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கினோம். இவரால் வேலை செய்ய முடியாது என்கிறார் அந்த டாக்டர், முடியும் என்கிறார் கம்பெனி டாக்டர். அப்படியானால் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட மூன்றாவது டாக்டர் பார்க்க வேண்டும், அவர் சொல்வதுதான் முடிவு, அதற்கு மேல் பேச்சில்லை.

"நீங்களும் கூடப் போகலாம். ஆனா உங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வரக் கூடாது. சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்ததா எழுதிடுவாங்க" என்றார் வக்கீலம்மா.

என்னைப் பார்த்து வாயைத் திறக்காதே என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். என் மாமியாரே அதை முயற்சி செய்ததில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "வலிக்குதுன்னு சொல்றதுல உங்களுக்கு என்னங்க குறைஞ்சு போயிடும்?"

பஸ் வரும் திசையைப் பார்த்தபடி சொன்னார். "என் வாயால முடியலன்னு சொல்லிட்டா, அப்புறம் எந்தக் கப்பல்ல என்னை ஏத்துவாங்க?"

"சொல்லலைன்னா ஆபரேஷன் கிடையாது. ஆபரேஷன் இல்லைன்னா கையே கிடையாது. கை இல்லாம எந்தக் கப்பல்ல ஏறுவீங்க?"

பஸ் வந்துவிட்டது. அவர் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். அதுவரை இருந்த கோபம் போய், எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது.

மூன்றாவது டாக்டரின் வெளி அறையில் நர்ஸ் சட்டையைக் கழற்றச் சொன்னாள். நான் கழற்றி எடுத்துக்கொண்டேன். உள்ளே மேஜை மேல் பிளாஸ்டிக்கில் ஒரு தோள் எலும்பு, மூலையில் எடை பார்க்கும் இயந்திரம். டாக்டர் அதிகம் பேசாதவர். நான் சுவர் ஓரத்து நாற்காலியில், சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கையத் தூக்குங்க."

மூச்சைப் பிடிப்பது தெரிந்தது. இடது பக்கம் சாய்ந்தார். கை ஒரே வீச்சில் மேலே போனது. நெற்றியில் வியர்வை பொட்டுப்பொட்டாக நின்றது.

"வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

கத்த வேண்டும் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் எழுதினார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"சரி, சட்டையப் போட்டுக்குங்க."

அவர் நேரே என்னிடம் வந்தார். திரும்பி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வலது கையைக் கொஞ்சம் பின்னால் விட்டபடி நின்றார். ஏழு மாதமாக ஒவ்வொரு காலையும் அப்படித்தான் நிற்கிறார். சட்டைக் கையை நான் விரலிலிருந்து மெல்ல ஏற்றுவேன். தான் அப்படி நிற்பது அவருக்கே தெரியவில்லை.

என் கைகளும் தாமாகவே சட்டையோடு எழுந்தன. பாதியில் நிறுத்தினேன். பேசத்தானே கூடாது என்றார்கள். சட்டையைத் திரும்ப மடியில் வைத்தேன்.

அவர் காத்திருந்தார். இருபது வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் நீட்டிய கையை நான் விட்டது அந்த ஒரு தடவைதான்.

"என்னம்மா?" என்று கழுத்தைத் திருப்பினார். சட்டையை அவர் இடது கையில் கொடுத்தேன். அவரே போட்டுப் பார்த்தார். சட்டைக் கை விரல் நுனியைத் தொட்டுத் தொட்டு நழுவியது. மூன்றாவது தடவை "அம்மா" என்று முனகி அப்படியே நின்றுவிட்டார்.

டாக்டரின் பேனா எப்போதோ நின்றிருந்தது.

"தினமும் யார் போட்டு விடுறாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "இவதான்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "முடியல டாக்டர். வலிக்குது" என்றார்.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். "எப்பல்லாம் வலிக்குது? உக்காந்து சொல்லுங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். பல் தேய்க்கும்போது. பஸ் பிரேக் போடும்போது. தும்மும்போது. படுத்தால் தாங்காது என்று, நான் தூங்கிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறாராம். பக்கத்தில் படுக்கும் எனக்கே தெரியாது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டாக்டர் இரண்டு பக்கம் நிறைய எழுதினார். மறுபடி கையைத் தூக்கச் சொன்னபோது, சாயாமல், மூச்சைப் பிடிக்காமல் தூக்கினார். மார்பு வரைகூட வரவில்லை.

அடி வேலையில் பட்டதுதான், ஆபரேஷன் அவசியம் என்று முடிவு வந்தது. கம்பெனி எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டது. ஆபரேஷன் முடிந்து இது மூன்றாவது மாதம். இப்போது வேறு தொல்லை. கொசு கடித்தால்கூட "வலிக்குதும்மா" என்று கூப்பிடுகிறார். இருபத்திரண்டு வருடப் பாக்கியை என்னிடம் தீர்க்கிறார்.

இன்று காலை வழக்கம் போலச் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். முதுகைக் காட்டி நின்றவர், திரும்பி என் கையிலிருந்து சட்டையை வாங்கிக்கொண்டார். வெகு நேரம் ஆனது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றார். "ஆனா ஏறுது பாரு."

சட்டைக் கையின் நுனியில் ஐந்து விரலும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பட்டனை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.