ஐரீன் தைத்த கட்டம்

ராயபுரத்தில் மூன்று தெரு இடைவெளியில் இருந்த லியோனார்ட் வீடும் ஹில்டா வீடும் சென்ற ஆண்டு ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரே சுவருக்கு இருபக்கமும் வந்து சேர்ந்தன. லியோனார்டின் பழைய சட்டைத் துண்டையும் ஹில்டாவின் நைட்டித் துண்டையும் ஐரீன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்ததுதான் காரணம். நடுவிலிருந்த மூன்று தெருக்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. தபால்காரர் வழக்கம்போல் அவற்றில் நடந்துபோய், வழக்கம்போல் தாமதமாகவே கடிதம் கொடுத்தார்.

பங்குத்தந்தை மாற்றலாகிப் போகிறார் என்பதால், தெருவில் கூடி ஜெபிக்கும் அன்பியத்துப் பெண்கள் அவருக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று கொடுக்கத் தீர்மானித்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பழைய துணி. ஒன்பது சதுரத் துண்டுகளை மூன்றுக்கு மூன்றாக இணைத்தால் ஒரு கட்டம். முதல் கட்டம் ஐரீன் தலையில் விழுந்தது. ஐரீனுக்குத் தைக்க வரும், ஆனால் நன்றாக வராது. இதை அவளிடம் சொல்லும் தைரியம் அன்பியத்தில் யாருக்கும் இல்லை. அவள் போட்ட முதல் தையலிலேயே லியோனார்ட் குளிக்கும்போது பாடுவது ஹில்டா வீட்டு ஹாலில் கேட்டது. தையல் போட்ட நேரத்தையும் சுவர் வந்த நேரத்தையும் கணக்குப் போட்டு விஷயத்தைக் கண்டுபிடித்தவள் ஹில்டாதான். "இவுரு பாட்டக் கேக்கறதுக்கா நான் துணி குட்த்தேன்? பிரி ஐரீன், மொதல்ல பிரி!" என்று வந்து நின்றாள். நூலை உருவியதும் வீடுகள் பழைய இடத்துக்குப் போயின. லியோனார்டின் குளியல் துண்டு ஒன்று மட்டும் ஹில்டா வீட்டுக் கொடியிலேயே தங்கிவிட்டது. அதைப் பற்றிப் பங்கில் இரண்டு மாதம் பேச்சு நடந்தது. அந்தப் பேச்சுக்குள் நாம் போக வேண்டாம்.

பிறகு யானைக்கவுனியில் புதுத் துணி வாங்கித் தைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. போர்வையைப் பெற்றுக்கொண்டு பங்குத்தந்தை நிம்மதியாகக் கிளம்பினார். உடுத்திய துணியில்தான் விஷயம் இருக்கிறது, அதுவும் உரியவருடைய துணியாக இருக்க வேண்டும் என்று இதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். உடனே ஐரீன் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. அடுத்த தெரு ஜஹானாரா, ரேஷன் கடைக்கு நடந்து முட்டி தேய்ந்துவிட்டது என்று, கடைக்காரரின் பழைய சட்டைத் துண்டும் தன் துப்பட்டாத் துண்டும் கொண்டுவந்தாள். கடை வந்தது. கூடவே வரிசையும் வந்து அவள் ஹாலில் நின்றது. சர்க்கரை மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் அவளே கத்தரிக்கோலோடு வந்துவிட்டாள்.

இத்தனை பேருக்கும் தைத்துக் கொடுத்த ஐரீன், தனக்கென்று ஒரு தையலும் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வீடுதான், எண்ணூரில் இருக்கும் தங்கை ஆலிஸின் வீடு. இருவரும் பேசிப் பதினான்கு வருடம் ஆகிறது. மகள் ஆன்சி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு ஆலிஸின் வெங்காயத்தோல் நிறப் பட்டுப் புடவையை ஐரீன் இரவல் வாங்கிக் கட்டியிருந்தாள். பவனியில் யாருடைய மெழுகுவர்த்தியோ உரசி முந்தானை பொசுங்கியது. சொல்லப் பயந்து, "அப்பவே திருப்பிக் குட்த்துட்டேனே" என்று ஒரு பொய். ஆலிஸ் நம்பாததால் மாதா மேல் ஒரு சத்தியம். பொய்யையாவது வாபஸ் வாங்கலாம், மாதாவிடம் யார் போய்ப் பேசுவது? ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பாவசங்கீர்த்தனத்தில், "பொய் சொன்னேன் ஃபாதர்" என்பாள். எந்தப் பொய் என்று எந்த ஃபாதரும் கேட்டதில்லை.

ஆலிஸ் வாட்ஸ்அப்பில் வைக்கும் ஸ்டேட்டஸை ஐரீன் தினமும் கணவன் ஹென்றியின் போனில் பார்ப்பாள். ஆலிஸுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். அந்த ஆரஞ்சை வீட்டில் யாரையும் தின்ன விடவில்லை. தங்கை இல்லாமல் அவளுக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை, ஐரீன் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பட்டுப் புடவையை எடுத்து ஒரு சதுரம் வெட்டினாள். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஹென்றி, எதையும் தூக்குவதற்கு முன் யோசிக்கிறவர்.

"நல்லா ரோசன பண்ணிக்க. ஒன்னும் ஆவலன்னா பொடவ உன்துன்னு ஆயிடும். ஆலிஸ் வூடு வந்துச்சுன்னா அது அவள்துன்னு ஆயிடும். நீ மாட்டிக்குவ."

"மாட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஐரீன் அதைத் தன் சேலைத் துண்டோடு சேர்த்துத் தைத்தாள்.

பதினொன்றரை மணிக்கு எண்ணூர்ச் சமையலறை ராயபுரத்து ஹாலை ஒட்டி வந்து நின்றது. வழியில் ஒரு டம்ளர்கூட உடையவில்லை. கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கையில் கரண்டியோடு ஆலிஸ் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, உன் வூட்டு ஹாலு என் அடுப்பாண்ட கீது?"

பதினான்கு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அது. ஐரீன் பதில் சொல்வதற்குள் ஆலிஸ் கரண்டியை வைத்துவிட்டு ராயபுரத்துக்கு வந்து, அக்கா மடியில் கிடந்த துணியைப் பார்த்துவிட்டாள்.

"எங்கிட்டதான் இருந்துச்சு. மெழுகுவத்தி பட்டுப் பொசுங்கிடுச்சு. சொல்லப் பயந்துட்டேன்" என்றாள் ஐரீன்.

"மாதா மேல சத்தியம் பண்ணியே."

"பண்ணேன்."

ஆலிஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். இணைப்பில் மொத்தம் பதினோரு தையல்தான் இருந்தது. இரண்டு வெட்டு விழுந்தால் சமையலறை குழம்போடு எண்ணூர் போய்ச் சேர்ந்துவிடும், பின்னாலேயே அவளும் போய்விடுவாள், இனி ஒருநாளும் வரமாட்டாள். ஐரீன் கையை நீட்டித் தடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. எந்த ஊர் எந்தப் பக்கம் நகருமோ என்று ஹென்றி நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஆலிஸ் துணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"இன்னா தையல்க்கா இது, கொக்கு நடந்துகினு போன மாதிரி? நாளைக்கே பிரிஞ்சிடும்."

அவள் தரையில் உட்கார்ந்து, ஊசியில் நூலை இரட்டையாகக் கோத்து, அக்காவின் தையல் மேலேயே நெருக்கமாக இன்னொரு வரிசை போடத் தொடங்கினாள். கத்தரிக்கோல் வெட்டியது தையல் முனையில் தொங்கிய நூலை மட்டும்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"வாயப் பாத்துகினு இன்னா குந்தினுகீற? அடுப்புல கொழம்பு கீது. தீஞ்சிபோச்சுன்னா, தீயவே இல்லன்னு அதுக்கும் சத்தியம் பண்ணுவ."

ஐரீன் எழுந்து, எண்ணூருக்குப் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.