பொங்கிய குட்டிக் குடல்கள்

திரையில் சின்னச் சின்ன உருண்டைகள் உப்பிக்கொண்டிருந்தன. நேல்ட்யாவின் குடலில் கிள்ளியெடுத்த துணுக்கிலிருந்து நெதர்லாந்தின் ஊத்ரெக்ட் நகர ஆய்வகத்தில் வளர்த்த குட்டிக் குடல்கள் அவை. அதே தட்டில் மருந்து விடாத பக்கத்துக் குழியில் இருந்தவை சுருங்கியே கிடந்தன.

"பாத்தியா, மீன் முட்டை மாதிரி இருந்தது இப்ப பட்டாணி ஆயிடுச்சு," என்றான் அவற்றுக்குத் தீனி போட்டு வளர்க்கும் வவுட்டர். "தட்டு மாறிப்போச்சோன்னு திரும்பவும் செஞ்சேன். இதேதான். மருந்து உனக்குக் கேக்குது."

நேல்ட்யா இருமினாள். பிறவியிலேயே நுரையீரலில் சளி பசையாகக் கட்டும் நோய். அதே கோளாறு குடலிலும் இருப்பதால், மருந்து வேலை செய்தால் குட்டிக் குடல் உப்பிக் காட்டிவிடும். கடற்கரைக் கொட்டகையில் ஈரத்தில் நின்று சிப்பி பிரிக்கிறவள், இந்தக் குளிர்காலத்தில் பாதியை ஆஸ்பத்திரிப் படுக்கையில் கழித்திருந்தாள்.

டாக்டர் ஹூக்ஸ்ட்ரா காப்பியோடு வந்தார். ஊர் வழக்கப்படி ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினார்.

"காப்பீட்டுக்காரங்க மருந்துக்குப் பணம் தர முடியாதுன்னுட்டாங்க, நேல்ட்யா. உங்க மரபணுக் கோளாறுக்கு இந்த மருந்துன்னு அனுமதி இல்ல. நிறைய பேருக்குக் குடுத்துப் பாத்திருந்தாத்தான் அனுமதி வரும்."

"நம்ம நாட்டுல எத்தனை பேருக்கு இந்தக் கோளாறு?"

"தெரிஞ்சவரைக்கும் உங்களுக்கு மட்டும்தான்."

"அப்ப நான் போய் நூறு பேரைப் பெத்துட்டு வரணுமா?"

வவுட்டர் சிரித்துவிட்டான். டாக்டர் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு. மருந்துக் கம்பெனி தன்னோட அடுத்த மருந்தை உங்க குட்டிக் குடல்ல சோதிச்சுப் பாக்கணுங்குது. இந்த மாதிரி வேற எங்கயும் கிடைக்கலையாம். அஞ்சு வருஷத்துக்கு உங்க சம்மதம் வேணும்."

யாரும் கேட்காமல் தொடாத அந்த டப்பாவை நேல்ட்யா திறந்து இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தாள்.

"என் குடலுக்கு மருந்து குடுக்கலாம். குடலோட சொந்தக்காரிக்குக் குடுக்கக் கூடாது. அதானே?"

"சட்டம் அப்படி இருக்கு..."

"நான் வேண்டாம்னா அழிச்சுடணும்னும் சட்டம் இருக்கே. வவுட்டர், தட்டை வெளிய எடு. உறைய வெச்சிருக்கியே, அது அடுத்து."

வவுட்டர் டாக்டரைப் பார்த்தான். பிறகு மனசில்லாமல் வெப்பப் பெட்டியைத் திறந்து தட்டை மேசையில் வைத்தான்.

"உள்ள வெச்சிடு வவுட்டர். வெளிய கிடந்தா செத்துடும்."

"நானும் அப்படித்தான் டாக்டர்," என்றாள் நேல்ட்யா.

டாக்டர் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். போனை எடுத்துக் கம்பெனிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். சற்று நேரம் கேட்டுவிட்டுப் போனைக் கையால் பொத்தினார்.

"மூணு மாசம் இலவசமாத் தராங்களாம்."

"என் குடல் அவங்களுக்கு எத்தனை வருஷம் வேணும்?"

"அஞ்சு."

"அப்ப மருந்தும் அஞ்சு வருஷம். சிப்பிய நாங்க ஓட்டோடதான் விப்போம். சதையை மட்டும் உருவிட்டுப் போக விடமாட்டோம்."

டாக்டர் அதை அப்படியே போனில் சொன்னார். "தட்டு இப்ப மேசைமேல ஆறிட்டிருக்கு," என்று தன் பங்குக்கும் சேர்த்தார். "நீங்க முடியாதுன்னா நானே என் கையால கொட்டிடறேன்."

மறுமுனையில் மேலதிகாரியைக் கேட்கப் போனார்கள். காப்பி ஆறிப்போனது. நேல்ட்யாவுக்கு நெஞ்சுக்குள்ளிருந்து இருமல் ஏறியது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

"எழுத்துல அனுப்புங்க," என்றார் டாக்டர். போனை வைக்கவில்லை.

கணினியில் கடிதம் வந்தது. ஐந்து வருஷமும் மருந்து இலவசம் என்ற கடைசி வரி வரைக்கும் டாக்டர் வாய்விட்டுப் படித்தார்.

"இப்ப உள்ள வை, வவுட்டர்," என்றாள் நேல்ட்யா.

பெட்டிக் கதவு சாத்திய பிறகுதான் அவள் இருமினாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல், தீரும்வரை இருமினாள்.