எண் 412-க்கு எதிரே ஒரு கேள்விக்குறி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அறிவிப்புப் பலகைக்காக எழுதியதில் மிச்சம். கோளரங்கத்தின் வாசலில் வைக்க, "நமக்கு அருகிலுள்ள ஒரு கேலக்ஸிக் கொத்தின் இயல்புகள்" என்று நூறு சொல்லில் எழுதித்தரச் சொன்னார்கள். அருகில் என்றால் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு. பேருந்து நிறுத்தம் வீட்டுக்கு அருகில்தான் என்று சத்தியம் செய்த வீட்டுப் புரோக்கரை அன்றே மன்னித்துவிட்டேன்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள். நடுவில் பூதம்போல ஒன்று. காலி என்று நாம் நினைக்கும் இடமெல்லாம் கோடிக்கணக்கான டிகிரிச் சூட்டில் வாயு. மொத்தக் கொத்தும் நம்மைவிட்டு விலகிப் போகிறது. ஆனால் அதில் சில மட்டும் நம்மை நோக்கி வருகின்றன. அந்த "ஆனால்" பலகையில் கொள்ளவில்லை. இங்கே தூக்கிவந்துவிட்டேன்.

2.

[முதல் தொடக்கம்: "பிரபஞ்சம் எல்லையற்றது. அதன் ஒரு மூலையில்…" வேண்டாம். இப்படித் தொடங்கிய எதையும் நான் இரண்டாம் பக்கம் வரை படித்ததில்லை.]

[இரண்டாம் தொடக்கம்: "பட்டியல்காரிக்குக் குழந்தை இல்லை, எனவே…" இதையும் அடித்துவிட்டேன். இல்லாததைச் சொல்லி ஒருத்தியை அறிமுகம் செய்வது மரியாதையில்லை.]

மூன்றாவது இது. தொலைநோக்கிப் படங்களில் தெரியும் ஒவ்வொரு மங்கல் புள்ளியும் கொத்தைச் சேர்ந்ததா என்று முடிவுசெய்வது பட்டியல்காரியின் வேலை. சேர்ந்தது என்றால் டிக். முன்னாலோ பின்னாலோ வேறெங்கோ இருப்பது என்றால் குறுக்குக்கோடு. தெரியவில்லை என்றால் கேள்விக்குறி. அதற்கு "இன்னொரு முறை பார்" என்று பொருள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குக் கல்யாணம் ஆனது. கணவரோடு, முதல் மனைவி விட்டுச்சென்ற மகளும் வந்தாள். இப்போது பதினெட்டு வயது. அந்தப் பெண் இவளை எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அப்பா, அவங்கள சாப்பிட வரச் சொல்லுங்க" என்பாள். "அவங்க" கையில் கரண்டியோடு பக்கத்திலேயே நிற்பார்கள்.

இந்த வாரம் கல்லூரிப் படிவம் வந்திருக்கிறது. குடும்பத்தினர் பெயர், உறவுமுறை என்று ஒரு கட்டம். "உன் ஃபார்ம், நீயே எழுதும்மா" என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அதில் தன் பெயர் இருக்குமா என்று பட்டியல்காரி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் பட்டியலில் தானே ஒரு புள்ளியாக நிற்பது அவளுக்குப் புதிது.

3.

செவ்வாய்க்கிழமை. அவள் போட்ட குறிகளைச் சரிபார்க்கும் தோழி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏம்ப்பா, 412-ஆம் புள்ளிய ஏன் அடிச்ச?"

"எல்லாம் விலகிப் போகுது, இது மட்டும் நம்ம பக்கம் வருது. கொத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. முன்னாடி எங்கயோ கிடக்குற குட்டி கேலக்ஸியா இருக்கும்."

"வேகத்த மட்டும் பாத்தா எப்படி? பின்னாடி வால் தெரியுது பாரு."

தெரிந்தது. கொத்தின் மறுகோடியிலிருந்து நடுவை நோக்கி விழுகிற கேலக்ஸி நம் பக்கமாகத்தான் வரும். விழும் வேகத்தில் அந்தச் சுடுவாயு எதிர்க்காற்றாக அடித்து, அதனிடம் இருப்பதையெல்லாம் உருவிப் பின்னால் இறைக்கும்.

"இது வெளிய ஓடலப்பா. உள்ள வந்து விழுது. இழுப்பு அப்படி."

பட்டியல்காரி கோட்டை அழித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டாள்.

(அடிக்குறிப்பு: போன விடுமுறையில் கணவரின் மகள் ஒரு நாள் இந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். பட்டியல்காரி மூன்று குறிகளையும் மெனக்கெட்டு விளக்கினாள். பெண் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.)

4.

அன்று மாலை. வாசலில் அந்தப் பெண்ணின் ஷூ ஒன்று, சோபாவுக்கு அடியில் இன்னொன்று. நடையில் பை, அதைத் தாண்டி ஒரு சாக்ஸ், தண்ணீர் பாட்டில். கடைசியில் சாத்திய அறைக் கதவு. தன்னை மதிக்காததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றுதான் பட்டியல்காரி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அன்று பாட்டிலை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முதல் வருடம் அந்த ஷூக்கள் வாசலில் ஜோடியாக, கிளம்பத் தயாராக வெளிப்பக்கம் பார்த்து இருக்கும். எப்போதிலிருந்து சிதற ஆரம்பித்தன?

[இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். ஒப்புமை கேட்காமலே மடியில் வந்து விழுகிறது. அப்படி விழுவதை நான் நம்புவதில்லை. வெறும் சோம்பேறிகூட ஷூவை வீசுவாள். ஆனால் விருந்தாளியாகத் தங்கிய எந்த வீட்டிலும் நான் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதில்லை. சொந்த வீட்டில் தினமும் போட்டுத் திட்டு வாங்குகிறேன். ஆகவே இருக்கட்டும்.]

5.

முடிவு ஒன்று: பெண் "அம்மா" என்று ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். எழுதி, வெட்கப்பட்டு, கிழித்தேன். அந்தச் சொல்லுக்கு உரியவள் ஒருத்தி இருந்தாள்.

முடிவு இரண்டு: படிவத்தில் பெயரே இல்லை. எழுத மனம் வரவில்லை. நான் அவ்வளவு பெரிய எழுத்தாளன் இல்லை.

முடிவு மூன்று, வியாழன் மாலை: சாப்பாட்டு மேசையில் படிவம் விரித்தபடி கிடந்தது. முதல் வரி பேனாவில்: கணவரின் பெயர், அப்பா. இரண்டாம் வரியில் அவளுடைய பெயர், இனிஷியல்கூடத் தப்பாமல். உறவுமுறை என்ற கட்டத்தில், பென்சிலில், ஒரு கேள்விக்குறி.

வேறு யாராக இருந்தாலும் மனசு விட்டுப்போயிருக்கும். பட்டியல்காரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு இன்னொரு முறை பார்த்தாள்.

அறைக்கதவு திறந்தது. பெண் அப்பாவைத் தேடவில்லை.

"பென்சில்லதான் போட்டிருக்கேன்," என்றாள், நேராக அவளிடமே. "பேனால எழுத நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு. என்னன்னு எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க."

பட்டியல்காரி சொல்ல வாயைத் திறக்கிறாள்.

என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இதற்குமேல் தெரியாது. உள்ளே போய் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், கதவு சாத்தவில்லை. பார்த்துப் போங்கள், நடையில் ஷூ கிடக்கிறது.